நான்கு முறை நிரம்பிய இலை

பதினெட்டு வருடங்கள் ஜப்பானிய மொழி பேசிச் சம்பளம் வாங்கினேன். அதில் முதல் மூன்று வருடங்கள் எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. இதை என் மேலாளர்கள் யாரிடமும் நான் சொன்னதில்லை. மொழிபெயர்ப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் இப்போது சொல்கிறேன். காரணம், போன வாரம் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். "ஆன்ட்டி, பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணிட்டேன். மீட்டிங்ல ஒரு பிரச்சினையும் இல்ல. ஆனா லிப்ட்ல ஜப்பான்காரரோட தனியா மாட்டிக்கிட்டா வேர்த்துக் கொட்டுது லா," என்றார். அந்த வேர்வை எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் பரீட்சை எழுதி வந்தவள் இல்லை. மலேசியாவில் மலாக்கா பக்கத்துப் புலாவ் செபாங்கிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வந்து, மூன்றாம் லைனில் உட்கார்ந்து, கார்களுக்குள் மின்கம்பிகளை இணைக்கும் சின்னச் சின்ன கனெக்டர்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்து நல்லது கெட்டது பிரித்த ஆப்பரேட்டர். வேலை முடிந்தபின் கம்பெனி நடத்திய ஜப்பானிய வகுப்பில் ஒன்பது பேர் சேர்ந்தோம். கடைசி வரை இருந்தது இரண்டு பேர். அதில் ஒருத்தி நான். பிறகு லைனிலிருந்து என்னை எழுப்பி, அலுவலகத்தில் ஒரு மேசை கொடுத்து, மொழிபெயர்ப்பாளர் என்று அட்டை மாட்டிவிட்டார்கள். எங்கள் தொழிற்சாலையில் லைனிலிருந்து அந்த மேசைக்குப் போன முதல் ஆள் நான்தான். இந்தக் கட்டுரையில் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் கற்ற ஜப்பானிய மொழி எங்கிருந்து வந்தது? குறைபாட்டு அறிக்கைகளிலிருந்து. கீறல், பிசிறு, விரிசல், வளைவு, கறை என்று கெட்டுப்போனதைச் சொல்ல என்னிடம் வண்டி வண்டியாக வார்த்தை இருந்தது. நிகழ்வு, காரணம், பொறுப்பு, தடுப்பு நடவடிக்கை என்று வரிசையாகச் சொல்லத் தெரியும். கூட்டத்தில் நான் பேசினால் ஜப்பானியர்கள் தலையாட்டிக் குறிப்பு எடுப்பார்கள். கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது என் வாய் பூட்டிக்கொள்ளும்.

ஒருமுறை எங்கள் ஜப்பானிய மேலாளரை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்தேன். மலாக்கா வரும்வரை நல்ல மழை. பாதி வழியில் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "என்ன மழை, இல்லையா," என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "மழைக்கான காரணம் தற்போது விசாரணையில் உள்ளது," என்று பதில் சொன்னேன். எனக்கு வந்த வாக்கியம் அதுதான். அவர் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார். "சரி, தெரிந்ததும் சொல்லுங்கள்," என்றார்.

இப்போது சிரிக்கிறேன். அப்போதும் அதைச் சிரிப்பான விஷயமாகத்தான் எடுத்துக்கொண்டேன். மழையைப் பற்றிப் பேசவா சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குக் கொடுத்த விலையைத்தான் சொல்லப் போகிறேன்.

மூன்றாம் வருடம் ஒரு பெரிய செய்தி வந்தது. ஜப்பானில் உள்ள வாடிக்கையாளர் நிறுவனம் ஒரு புதிய கனெக்டரை எங்களுக்குக் கொடுக்கலாமா, வேறு நாட்டிலுள்ள தொழிற்சாலைக்குக் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய ஒரு தர ஆய்வாளரை அனுப்புகிறது. எங்களுக்குக் கொடுத்தால் அது மூன்றாம் லைனுக்கு வரும். கொடுக்காவிட்டால் மூன்றாம் லைனை மூடிவிடுவார்கள், ஏனென்றால் பழைய கனெக்டருக்கு ஆர்டர் குறைந்துகொண்டே போனது. அந்த லைனில் நாற்பது பெண்கள். பாதிப் பேர் புலாவ் செபாங்கைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களிலிருந்து என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். நான் அட்டை மாட்டிக்கொண்டு மேலே போனாலும் பஸ் மாறவில்லை. ஆய்வாளர் வருவதற்கு முந்தைய வாரம் அந்த பஸ்ஸில் வழக்கமான கலாட்டா எதுவும் இல்லை.

லைன் லீடர் பாக்கியம் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குரல் இரண்டு லைனுக்குக் கேட்கும். நான் லைனில் இருந்தபோது என்னைத் திட்டித் திட்டியே வேலை வாங்கியவர். அவர் நேராக மேலாளர் அறைக்கு வந்து, நான் மொழிபெயர்க்க, ஒரு கோரிக்கை வைத்தார். "வர்றவருக்கு கடையில இருந்து பெட்டிச் சோறு தாப்பாவ் கட்டி வாங்கிக் குடுக்காதீங்க. நம்ம லைனுக்கு வர்ற விருந்தாளி. நான் வீட்டுல சமைச்சு எடுத்தாறேன், வாழை இலையில போடுவோம்." மேலாளர் நான்கு வருடங்களாக மலாக்காவில் இருந்தவர், இலைச் சாப்பாடு என்றால் அவருக்கு உயிர். உடனே சம்மதித்தார்.

ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, அதிகம் பேசாதவர். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மதியம் வரை ஒரு மேசையையும் விடவில்லை. குனிந்து பார்த்தார், எழுதினார், அடுத்த மேசைக்கு நகர்ந்தார். நல்லதா கெட்டதா என்று முகத்திலிருந்து ஒன்றும் பிடிக்க முடியவில்லை. மதியம் ஆனதும் மேலாளருக்கு ஜப்பானிலிருந்து அவசர அழைப்பு வந்தது. "வாணி சான், சாப்பாட்டு நேரம் மட்டும் அவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்," என்று சொல்லிவிட்டு ஓடினார். ஒரு மணி நேரம், அறிக்கை எதுவும் இல்லாமல், ஒரு ஜப்பானியரோடு நான் தனியாக.

கேன்டீன் ஓரத்து அறையில் இரண்டு இலை. கடலோரக் கோலா சுங்கை பாருவில் விடியற்காலையில் பாக்கியம் அக்காவின் கணவர் வாங்கி வந்த மீன், குழம்பாகி மணத்தது. பொரியல், அவியல், அப்பளம், ரசம், பாயசம். அக்கா புதுச் சேலை கட்டிக்கொண்டு கரண்டியோடு நின்றார். ஆய்வாளர் கைகூப்பிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். இலை கழுவியது மாதிரி ஆனது.

நம் வீட்டில் விருந்தாளியின் இலை காலியாக இருந்தால் என்ன அர்த்தம்? அவருக்குப் பசி அடங்கவில்லை, நமக்கு மரியாதை தெரியவில்லை. அக்கா ஒரு கரண்டி சோறு போட்டு, குழம்பு ஊற்றினார். அவர் லேசாகத் தலைகுனிந்து நன்றி சொல்லி, அதையும் முழுவதும் சாப்பிட்டார். ஜப்பானியர் வீட்டில் வைத்த சோற்றை மிச்சம் வைத்தால் என்ன அர்த்தம்? சமைத்தவரை அவமதிப்பது. எங்கள் மேலாளர் கேன்டீனில் கடைசிப் பருக்கையைத் துரத்திப் பிடித்துச் சாப்பிடுவதை மூன்று வருடங்களாகப் பார்த்தவள் நான். எனக்கு அது தெரியும். தெரிந்தும், மூன்றாவது கரண்டி விழும்வரை நான் சும்மா இருந்தேன்.

மூன்றாவது கரண்டியில் அவர் நெற்றியில் வேர்வை பூத்தது. நான் மெதுவாக, "அக்கா, போதும் லா," என்றேன்.

"நீ சும்மா இரு. எல காலியா கெடக்கு, எப்படிப் போதும்? பாவம், காலையில இருந்து நின்னுக்கிட்டே இருந்த மனுஷன்."

நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவரிடம் 'போதுமா' என்று கேட்பதே தப்பு, எழுந்திரு என்று சொல்வதற்குச் சமம். அப்படி வளர்ந்தவள் நான். சரி, அவரிடமே சொல்லிவிடலாம் என்று பார்த்தால், 'வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்' என்பதற்கு என்னிடம் ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தை இல்லை. விரிசலுக்கு எனக்கு ஆறு வார்த்தை தெரியும். இதற்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஜாடை காட்டலாம் என்று, பாதி சாப்பிட்ட என் இலையை அவர் பார்க்கும்படி மடித்தேன். இலையை மூடினால் போதும் என்று அர்த்தம் என அவர் புரிந்துகொள்வார் என்று நம்பினேன். அவர் புரிந்துகொண்டது வேறு. நான் முடித்துவிட்டேன், அவருக்காகக் காத்திருக்கிறேன் என்று நினைத்து வேக வேகமாகச் சாப்பிட ஆரம்பித்தார். இலை காலியானது. அக்கா நான்காவது கரண்டியைப் போட்டார்.

"பாரு, நம்ம சாப்பாட்ட எப்படி ரசிச்சு சாப்புடுறாருன்னு," என்றார் அக்கா, முகமெல்லாம் பூரித்து. பிறகு பாயசம். கிண்ணம் காலியானதும் இன்னொரு கிண்ணம்.

இரண்டு மணிக்கு லைனுக்குத் திரும்பினோம். நான்காவது மேசைக்குப் பக்கத்தில் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துப்போனது. அப்படியே தரையில் உட்கார்ந்து, நாற்பது பெண்கள் பார்க்க, வாந்தி எடுத்தார்.

முதலுதவி அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நர்ஸ் மிஸ்ஸி ரத்த அழுத்தம் பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "பயப்பட ஒண்ணும் இல்ல, அளவுக்கு மேல சாப்பிட்டிருக்காரு, படுக்கட்டும்," என்றார். ஆனால் வெளியே அதற்குள் கதை கை கால் முளைத்து ஓடிவிட்டது. மீன் கெட்டுப்போன மீன், பாக்கியம் விஷம் வைத்துவிட்டாள் என்கிற அளவுக்குப் போனது. அக்கா அறை வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு லைனுக்குக் கேட்கும் அந்தக் குரலைக் காணோம். "என் கையால நாப்பது பேரு பொழப்பக் கெடுத்துட்டேனே வாணி," என்றார்.

நிர்வாக அதிகாரி, நம்மவர்தான், மூச்சு வாங்க ஓடி வந்து என்னை ஓரமாக இழுத்தார். "வாணி, கேளு. சாப்பாடுன்னு வாயத் தொறக்காத. வெளிச் சாப்பாட்ட உள்ள விட்டோம்னு ரிப்போர்ட்ல வந்தா லைன் போச்சு. வெயிலு, பயணக் களைப்புன்னு சொல்லிடு. அவரும் ஆமான்னு சொல்லிடுவாரு, ரெண்டு பக்கமும் மரியாதையோட முடிஞ்சிரும்."

அவர் சொன்னது முட்டாள்தனம் இல்லை. உண்மையில் அந்த ஆய்வாளர் அதைச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டிருப்பார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மீன் கெட்டது என்று மனதில் நினைத்துக்கொண்டே, வாயில் வெயில் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடுவார். எங்கும் எழுத மாட்டார், யாரிடமும் சொல்ல மாட்டார். கனெக்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும், ஏன் போனது என்று கடைசி வரை நமக்குத் தெரியாது. பாக்கியம் அக்கா சாகும்வரை தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். மேலாளர் இன்னும் தொலைபேசியில்தான் இருந்தார். அவருக்காகக் காத்திருக்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டதும் முதுகைக் காட்டியபடியே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். தொந்தரவு கொடுத்துவிட்டேன், வேலை நின்றுவிட்டது, வெட்கமாக இருக்கிறது என்று. மூன்று வருடங்களாக நான் அடுத்தவர் பேச்சைத்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன். இங்கே மொழிபெயர்க்க யாருடைய பேச்சும் இல்லை. நானேதான் பேச வேண்டும். அன்றாடப் பேச்சு எனக்கு வராது. எனவே எனக்குத் தெரிந்த ஒரே ஜப்பானிய மொழியில், குறைபாட்டு அறிக்கை மொழியில், நிமிர்ந்து நின்று சொன்னேன்.

"நிகழ்வு: இலை நான்கு முறை நிரப்பப்பட்டது. காரணம் ஒன்று: எங்கள் ஊரில் காலி இலை பசியைக் குறிக்கும். காரணம் இரண்டு: உங்கள் ஊரில் மிச்சம் வைப்பது மரியாதைக் குறைவு. இரண்டு செயல்முறைகளும் சரியானவை. இரண்டும் இணைக்கப்பட்டபோது நிறுத்தும் வசதி இல்லை. உணவில் குறைபாடு இல்லை. சமைத்தவரிடம் குறைபாடு இல்லை. பொறுப்பு: மொழிபெயர்ப்பாளர் வாணி. மூன்றாவது முறையே குறைபாட்டைக் கண்டுபிடித்தும் லைனை நிறுத்தவில்லை."

நான் மேசையிலிருந்த ஒரு காகிதத்தை எடுத்தேன். "தடுப்பு நடவடிக்கை," என்று சொல்லி, அவர் தோளுக்கு மேல் கையை நீட்டி, இலையை மடிப்பது போல அதை மடித்துக் காட்டினேன். "இப்படிச் செய்தால் யாரும் போட மாட்டார்கள். இந்தத் தகவல் சாப்பாட்டுக்கு முன்பே தரப்பட்டிருக்க வேண்டும்."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். திரும்பினார். சிரித்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். "நான்காவது முறை சோறு வந்தபோது," என்றார், "இதுவும் ஒரு சோதனை என்று நினைத்தேன். நான் உங்களைச் சோதிக்கிறேன், நீங்கள் என்னைச் சோதிக்கிறீர்கள். தோற்கக்கூடாது என்று சாப்பிட்டேன்." பிறகு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்றார்.

அந்த மழைப் பேச்சுக்குப் பிறகு ஒரு ஜப்பானியர் என்னிடம் கேட்ட முதல் சாதாரணக் கேள்வி அது. "பாதியில் நிறுத்தப்பட்டது," என்றேன். மறுபடி சிரித்தார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் பேசினார். வீட்டைப் பற்றி, மனைவியைப் பற்றி, எந்த ஊருக்குப் போனாலும் சாப்பாட்டு நேரம்தான் தனக்குப் பயம் என்பதைப் பற்றி. எனக்குக் கால்வாசிதான் புரிந்தது. எழுந்து போக மனம் வரவில்லை.

வாசலில் உட்கார்ந்திருந்த அக்காவை அவரே உள்ளே கூப்பிடச் சொன்னார். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, சாப்பாடு மிக நன்றாக இருந்தது என்று சொல்லித் தலைகுனிந்தார். நான் தமிழில் சொன்னேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ராத்திரிக்கு ரசம் மட்டும் வச்சுத் தரவான்னு கேளு," என்றார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

மறுநாள் அவர் வந்து மீதி ஆய்வை முடித்தார். ஒரு மேசையில் விளக்கு மங்கல், ஒரு பெட்டியில் லேபிள் தப்பு என்று இரண்டு குறைகள் எழுதினார். சலுகை எதுவும் காட்டவில்லை. மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கனெக்டர் மூன்றாம் லைனுக்கே. அது சோற்றால் கிடைக்கவில்லை, என் வாயாலும் கிடைக்கவில்லை. நாற்பது பெண்களின் கண்ணால் கிடைத்தது. ஆனால் மேலாளர் என்னிடம் ஒன்று சொன்னார். ஆய்வாளர் போகும்போது, "உங்கள் மொழிபெயர்ப்பாளர் பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டார். இந்தத் தொழிற்சாலையிலிருந்து வரும் அறிக்கையை நான் நம்புவேன்," என்றாராம். அன்று மாலை பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் அழுதேன். சந்தோஷத்தில் பாதி, வெட்கத்தில் பாதி. அந்த மனிதர் ஒரு கரண்டி முன்னாலேயே காப்பாற்றப்பட்டிருக்கலாம்.

அதன் பிறகுதான் ஜப்பானிய மொழி கற்க ஆரம்பித்தேன். மதியம் நம் மேசையை விட்டு, ஜப்பானியர் மேசையில் என் தட்டை வைத்தேன். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, இயந்திரத்தைப் பற்றி இருக்கக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டேன். நிறைய உளறினேன். ஒரு பொறியாளரிடம் நம் வழக்கப்படி பாசமாக, "உடம்பு கொஞ்சம் போட்டிருக்கிறீர்கள்," என்றேன். அந்த மனிதர் ஒரு வாரம் மதியச் சாப்பாட்டுக்கே வரவில்லை. மேலாளரின் மனைவியோடு சனிக்கிழமைகளில் கிளேபாங் கடற்கரைக் கடையில் தேங்காய் ஷேக் குடித்தபடி உட்கார்ந்திருப்பேன். நான் அவருக்குப் பாசாரில் மீன் பேரம் பேச மலாய் சொல்லிக் கொடுத்தேன். அவர் எனக்கு, ஒருவர் 'வெயில் அதிகம்' என்றால் காரணம் தேடாமல் 'ஆமாம், அதிகம்தான்' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார். அது கைவர எனக்கு ஒரு வருடம் ஆனது. கைவந்தபின், கூட்டத்தில் சொல்லாத பிரச்சினையெல்லாம் சாப்பாட்டு மேசையில் என் காதுக்கு வர ஆரம்பித்தது.

உங்கள் கையில் போன் இருக்கிறது. எனக்கு இல்லாத வார்த்தையெல்லாம் அதில் இருக்கிறது, பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரே இருப்பவர் நெற்றியில் வேர்ப்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். பார்த்ததும், இலக்கணம் சரியில்லை, உச்சரிப்பு சரியில்லை என்று காத்திருக்காதீர்கள். தப்பும் தவறுமாகவாவது வாயைத் திறங்கள். லிப்டிலும் அதேதான்.

போன வருடம் எனக்குப் பிரியாவிடை விழா வைத்தார்கள். மூன்றாம் லைன் முழுவதும் வந்திருந்தது. பணி ஓய்வு பெற்று வீட்டில் இருந்த பாக்கியம் அக்காவும் பட்டுச் சேலையில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். இப்போதைய மேலாளர் ஜப்பானிய மொழியில் பேச எழுந்தார். அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது, மொழிபெயர்க்க ஆள் வைக்கவில்லை. விழா நாயகியே மொழிபெயர்ப்பாளர். சிரிப்புக்கு நடுவே நானே மைக்கைப் பிடித்தேன்.

அவர் ஐந்து நிமிடம் பேசினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. முடித்ததும் நான், "மேலாளர் எனக்கு நன்றி சொல்கிறார்," என்று ஒரே வரியில் முடித்து மைக்கை இறக்கினேன்.

"ஏய் வாணி!" முன் வரிசையிலிருந்து அந்தக் குரல். "அவரு அஞ்சு நிமிஷம் பேசினாரு, நீ ஒரு வரியில முடிக்கிற? மத்தவங்க பேச்சுன்னா புள்ளி விடாம சொல்லுவ. முழுசா சொல்லு லா!"

நான் மைக்கை மறுபடி எடுத்தேன். மேலாளர் சொன்னதை முதலிலிருந்து சொன்னேன். இந்த அறையில் இருப்பவர்களில் பலர் இன்றும் இங்கே வேலை செய்வதற்கு இவர் ஒரு காரணம் என்றார். தான் கேள்விப்பட்டபடி, ஒரு நெருக்கடியில் மறைக்கச் சொன்னபோதும், தெரிந்த கொஞ்ச வார்த்தையில் இவர் உண்மையைச் சொன்னார் என்றார். இவரைப் போல் ஒருவர் நமக்கு இனிக் கிடைப்பது கடினம் என்றார். 'இவர்' என்று வந்த ஒவ்வோர் இடத்திலும் என் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, சத்தமாக, ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன்.